புயலுக்கு முன் ஒன்றரை நாள்: மரத்தை வெட்டுவதா, கழிப்பதா, கட்டுவதா, விடுவதா?

கார்த்திகை பிறந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி இதைப் பற்றித்தான். கடைசியாகக் கேட்டவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒரு தம்பி. ஊர் பேராவூரணிப் பக்கம். சீமை ஓடு போட்ட வீடு, முன்னால் தகரச் சார்ப்பு, கொல்லையில் ஆறு தென்னை, ஒரு மா, இரண்டு முருங்கை, எழுபது எண்பது வாழை, ஒரு பசு. அம்மா மட்டும் இருக்கிறார். "ஆள் ரெண்டு பேர்தான் கிடைச்சிருக்காங்க அண்ணே. நாளை சாயங்காலம் வரைக்கும்தான் இருப்பாங்களாம். மரத்தையெல்லாம் வெட்டிடச் சொல்லட்டுமா?"

நான் பதில் சொல்வதற்கு முன் என் கதையைச் சொல்லிவிட வேண்டும். 2018 நவம்பர் 16 விடிவதற்கு முன், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறியது. அதற்கு முந்தைய பகல் முழுவதும் நானும் என் மைத்துனரும் வாழைக்குச் சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தோம். தார் விட்ட வாழை, மனசு கேட்கவில்லை. காலையில் பார்த்தால் ஒன்றுகூட நிற்கவில்லை. முட்டுக் கொடுத்ததும் விழுந்து கிடந்தது, கொடுக்காததும் விழுந்து கிடந்தது. நாங்கள் தொடாமல் விட்ட தகரச் சார்ப்பு பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகையில் போய்ச் செருகியிருந்தது. மாடு பிழைத்தது அவர்கள் நல்ல நேரம். அவிழ்த்துவிட்டிருந்தார்கள்.

எதை வைத்து எடை போடுவது

நான் முதலில் கேட்பது, அது விழுந்தால் எதன் மேல் விழும் என்பதை. மரத்தின் உயரத்துக்குச் சமமான தூரத்தைச் சுற்றிலும் வட்டமாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வட்டத்துக்குள் வீடு, கொட்டகை, மின்கம்பி, அடிபம்பு எதுவும் இல்லையென்றால் அந்த மரம் இன்றைய வேலை இல்லை. உயரத்தைக் கண்டுபிடிக்க நிழலை அளக்கச் சொல்வார்கள். புயலுக்கு முந்தின நாள் வெயில் எங்கே அடிக்கிறது? தேங்காய் பறிக்க வருபவரைக் கேளுங்கள், முழக் கணக்கில் சொல்லிவிடுவார்.

அடுத்தது, போனால் திரும்ப வர எவ்வளவு காலம் ஆகும் என்பது. முருங்கை ஆறு மாதத்தில் திரும்பிவிடும். வாழைக்குக் கிழங்கு பிழைத்திருந்தால் பக்கக்கன்று வந்துவிடும். நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு வருடம். போன உயிர் வராது. வரிசை இதுதான், ஆனால் பதற்றத்தில் நாம் தலைகீழாகச் செய்கிறோம். கண்ணுக்கு முன்னால் பணமாகத் தெரிவது வாழைத்தார் என்பதால் அதற்குத்தான் முதலில் ஓடுகிறோம்.

காற்றின் வேகத்தையும் பார்க்க வேண்டும். வானிலை மையம் 'புயல்' என்று சொன்னால் மணிக்கு 62 முதல் 88 கி.மீ. 'தீவிரப் புயல்' 89 முதல் 117. 'அதிதீவிரம்' என்ற சொல் வந்தால் 118க்கு மேல். 60 என்பது 120 ஆனால் காற்றின் தள்ளுவிசை இரண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு ஆகும். அதனால்தான் போன புயலுக்குத் தாங்கிய முட்டு இந்தப் புயலுக்குத் தாங்குவதில்லை. இதற்கு நேர்மாறும் உண்டு: 2024 நவம்பர் கடைசியில் புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயலில் காற்று அவ்வளவு இல்லை, நகராமல் நின்று மழையாகக் கொட்டியது, மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு. மண் ஊறிவிட்டால் சின்னக் காற்றே மரத்தை வேரோடு பெயர்த்துவிடும்.

கடைசியாக, புயலுக்கு அடுத்த பத்து நாள். கஜாவில் ஏறத்தாழ ஒரு லட்சம் மின்கம்பங்கள் சாய்ந்தன. சில கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. மோட்டார் ஓடாது, தண்ணீர் இல்லை. ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிவந்து வீடு வீடாகத் தொட்டி நிரப்பிக் காசு வாங்கினார்கள். இன்றைக்குச் செய்யும் எந்த வேலையும் அந்தப் பத்து நாளைக் கூட்டுமா குறைக்குமா என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

| வழி | இரண்டு ஆளுக்கு ஆகும் நேரம் | எப்போது சரி | கண்ணுக்குத் தெரியாத செலவு |
|---|---|---|---|
| அடியோடு வெட்டுவது | ஒரு பெரிய மரத்துக்கு அரை நாள், அப்புறப்படுத்த இன்னொரு அரை நாள் | வீட்டின் பக்கம் சாய்ந்த, நோய்ப்பட்ட மரம் | கிடக்கும் துண்டுகள், வண்டு, பக்கத்து மரம் காற்றுக்கு வெளிப்படுவது |
| கழிப்பது (கிளை, மட்டையை மட்டும் குறைப்பது) | தென்னை ஒன்றுக்கு முக்கால் மணி, மாவுக்கு இரண்டு மூன்று மணி | வீட்டை எட்டும் தூரத்தில் உள்ள நல்ல மரம் | அடுத்த வருடக் காய்ப்பில் இழப்பு |
| கயிறு கட்டுவது | கன்று ஒன்றுக்குக் கால் மணி | ஐந்து வயதுக்குக் குறைந்த கன்று | பட்டை அறுபடுவது, கட்டிய இடமே பெயர்வது |
| தொடாமல் விடுவது | இல்லை | தள்ளி நிற்கும் மரம், பனை | பாதை அடைபடுவது |

நேரம் நான் பார்த்த அளவில் சொல்வது. ஆளுக்கு ஆள் மாறும்.

அடியோடு வெட்டுவது

பயத்தில் முதலில் தோன்றுவது இதுதான். எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. புயல் அறிவிப்பு வந்த பிறகு அறுக்கும் மெஷின் வைத்திருப்பவர் கேட்கும் கூலி வேறு, சாதாரண நாளில் கேட்பது வேறு. அவசரமாக வெட்டும்போது மரம் எந்தப் பக்கம் விழும் என்பது வெட்டுகிறவர் கையிலேயே இருக்காது, ஏற்கனவே காற்று வேறு வீச ஆரம்பித்திருக்கும். விழுந்த பிறகு அதைத் துண்டு போட்டு ஓரம் கட்ட ஆள் இருக்காது. இரவு வரும் காற்றுக்கு அந்தக் கிளையும் மட்டையும்தான் எறிகல்.

மறைந்திருக்கும் செலவு இன்னொன்று. தென்னை அடிமரத்தை அப்படியே மக்கவிட்டால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிடும். மிச்சமிருக்கும் நல்ல மரத்தின் குருத்தைக் குடையப் போவது அந்த வண்டுதான். கஜாவுக்குப் பிறகு அரசு தென்னை ஒன்றுக்குக் கொடுத்த 1,100 ரூபாயில் 600 இழப்பீடு, 500 வெட்டி அப்புறப்படுத்த. ஹெக்டேருக்கு 175 மரம் என்று கணக்கு. அப்புறப்படுத்துவது எவ்வளவு பெரிய வேலை என்பது அந்த 500ஐப் பார்த்தாலே தெரியும். தோப்புக்காரர்களைக் கேட்டால் அதுவும் போதவில்லை என்பார்கள்.

வெட்டியே ஆக வேண்டிய மரமும் உண்டு. வீட்டின் பக்கம் சாய்ந்து நிற்பது, தண்டில் ஓட்டை விழுந்து பழுப்பாகச் சாறு கசிவது, தட்டினால் பொள்ளலாக ஒலிப்பது. அடித்தண்டில் செம்பழுப்பாகச் சாறு வடிந்து, கீழ் மட்டைகள் தொங்கிப்போயிருந்தால் அது தஞ்சாவூர் வாடல் நோயாக இருக்கலாம். 1952 புயலுக்குப் பிறகு தஞ்சாவூர் மாவட்டத்தில் பெரிதாகக் கவனிக்கப்பட்டதால் அந்தப் பெயர். அப்படிப்பட்ட மரத்துக்கு வேரும் அழுகியிருக்கும், நிற்பது ஒரு பாவனைதான். ஆனால் இதைச் செய்ய வேண்டியது ஆடி ஆவணியில். புயல் நாளில் அப்படி ஒரு மரம் வீட்டின் மேல் சாய்ந்து நின்றால், மரத்தை வெட்டுவதைவிட வீட்டை விட்டுக் கிளம்புவது மலிவு.

கழிப்பது

இரண்டு ஆளும் ஒரு பகலும் இருந்தால் நான் பெரும்பாலும் சொல்வது இது. ஆனால் 'கழிக்கச் சொன்னேன், மொட்டையடித்துவிட்டுப் போய்விட்டார்கள்' என்ற புலம்பல் அதிகம். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

தென்னையில் முதலில் இறங்க வேண்டியது காய். முற்றிய குலையில் பத்துக் காய் இருந்தாலே பத்துப் பன்னிரண்டு கிலோ. உச்சியில் அவ்வளவு கனத்தை வைத்துக்கொண்டு மரம் ஆடுகிறது. தவிர, ஓட்டைப் பிளக்க ஒரு காய் போதும். அடுத்தது காய்ந்த மட்டை, பன்னாடை (மட்டையடி நார்வலை), வெறும் பாளை (பூக்குலை உறை). அதற்குப் பிறகு, வீட்டை எட்டும் மரமாக இருந்தால் மட்டும், கீழ்வரிசைப் பச்சை மட்டையில் சில. அங்கே நிறுத்திவிட வேண்டும்.

ஏன் நிறுத்த வேண்டும்? நல்ல தென்னையில் முப்பதுக்கு மேல் மட்டை இருக்கும். மாதம் ஒன்றுதான் புதிதாக வரும். ஒவ்வொரு மட்டையின் இடுக்கிலும் ஒரு பாளை. பாளை வெடித்துத் தேங்காயாக முற்ற ஏறக்குறைய ஒரு வருடம். ஒரு பச்சை மட்டையை வெட்டினால் அதன் மேல் சாய்ந்திருக்கும் குலைக்குப் பிடிமானம் போகும், அப்புறம் அதுவும் போகும். பதினைந்து மட்டையை வெட்டினால் ஒரு வருட வரும்படியை நீங்களே இறக்கிவிட்டீர்கள், புயல் வராமல் திசை திரும்பிப் போனால்கூட. இன்னொன்று: பச்சை மட்டையைத் தண்டை ஒட்டி வெட்டக் கூடாது. அந்தக் காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும். தண்டிலிருந்து நாலடி விட்டு வெட்டச் சொல்வது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. ஆட்களிடம் இதை முதலிலேயே சொல்லுங்கள். பழக்கத்தில் ஒட்ட வெட்டிவிடுவார்கள்.

மா, வேம்பு, பலாவுக்கு வேறு கணக்கு. கூரைக்கு மேல் நீண்டிருக்கும் கிளை, ஒட்டுண்ணி பிடித்த கிளை, இரண்டாகக் கவட்டை பிளந்த கிளை, இவை போக வேண்டும். மிச்ச இடத்தில் உள்கிளைகளை விலக்கி, காற்று ஊடே போக வழி விட்டால் போதும். ஒரு பக்கம் மட்டும் கழித்து மறுபக்கத்தை அப்படியே விட்டால் மரம் பாரம் மாறிச் சாயும். பெரிய காரியம், கழித்ததை அன்றைக்கே அகற்றுவது. குழியில் தள்ளுங்கள், இல்லையென்றால் ஒன்றாகக் கட்டி மேலே பாரம் வையுங்கள்.

முருங்கையை இடுப்பளவு விட்டு வெட்டிவிடலாம். யோசிக்கவே வேண்டாம், துளிர்க்கும்.

மழை பிடித்த பிறகு யாரையும் தென்னை ஏறச் சொல்லாதீர்கள். தண்டு வழுக்கும், உச்சி ஆடும். கீழே நிற்கும் நமக்கு அது தெரியாது. மின்கம்பியை ஒட்டிய மரம் என்றால் மின்வாரிய ஆளைச் சொல்லி லைனை நிறுத்தாமல் கை வைக்கவே கூடாது.

கயிறு கட்டுவது

பெரிய மரத்தைக் கயிறால் நிறுத்த முடியாது. அதைப் பார்க்கும்போது நமக்குத்தான் ஆறுதல். கன்றுகளுக்கு மட்டும் இது நல்ல வழி.

ஒரே பக்கம் கட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. புயலின் மையம் ஊரைக் கடந்தால் முதலில் வாடைக்காற்றாக அடிக்கும், நடுவில் ஒரேயடியாக ஓய்ந்துவிடும், அப்புறம் சோழகமாக, அதாவது தென்காற்றாக, திரும்பி எதிர்ப்பக்கத்திலிருந்து அறையும். வடக்குக்கு மட்டும் கட்டிய கன்று இரண்டாவது சுற்றில் படுத்துவிடும். மூன்று பக்கம் முளையடித்து, கன்றின் பாதி உயரத்துக்குச் சற்று மேலே, பழைய சேலை அல்லது சாக்கைச் சுற்றி அதன்மேல் கயிறு. நைலான் கயிறு நேரடியாகப் பட்டால் ஓர் இரவு ஆட்டத்தில் பட்டையை அறுத்துவிடும். மின்கம்பம், மதில், திண்ணைத் தூண் எதிலும் கட்டாதீர்கள். மரத்தோடு அதுவும் வரும்.

வாழைக்கு முட்டுக் கொடுப்பதும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. சவுக்குக் கம்பு முன்பே கையில் இருந்து, 'புயல்' அளவில்தான் காற்று என்றால் அடியில் மண் அணைத்து முட்டுக் கொடுக்கலாம். தீவிரப் புயல் என்றால் முக்கால் பதம் முற்றிய தாரை வெட்டி இறக்குங்கள், மற்றதை மறந்துவிடுங்கள். வெட்டுவதிலும் ஒரு செலவு மறைந்திருக்கிறது: அன்றைக்கு ஊரே வெட்டும், மண்டியில் விலை விழுந்து கிடக்கும். பரவாயில்லை, விழுந்த தாருக்கு அந்த விலையும் கிடையாது.

தொடாமல் விடுவது

இதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்கிறோம். வட்டத்துக்கு வெளியே நிற்கும் மரத்துக்கு இதுவே சரியான முடிவு, அந்த நேரம் கூரைக்குப் போகும். பனையைத் தொடவே வேண்டாம். கஜாவுக்குப் பிறகு தென்னந்தோப்பெல்லாம் படுத்துக் கிடக்க, வரப்பில் பனை மட்டும் நின்றதை எங்கள் பக்கம் பார்க்காதவர் கிடையாது.

விடுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள்: எல்லா மரத்தையும் எண்ணி, தேதி தெரிகிற மாதிரி போனில் படம் எடுத்து வையுங்கள். கிராம நிர்வாக அலுவலர் கணக்கெடுக்க வரும்போது உதவும். தென்னை மரக் காப்பீடு என்று ஒரு திட்டம் இருக்கிறது, 4 முதல் 60 வயது வரை உள்ள மரங்களுக்கு. அது இப்போதைக்கு ஆகாது, தை மாதம் போய் விசாரியுங்கள்.

கூரைக்கும் இதே நாலு வழிதான்

தகரச் சார்ப்பு என்றால் கழற்றிவிடுவது. நட்டு போல்ட்டைக் கழற்றித் தகரத்தை அடுக்கி, கட்டி, மேலே கல் வைத்தால் அரை நாள் வேலை. காற்று முதலில் நுழைவது அதன் அடியில்தான். அதைத் தூக்கும்போது வீட்டின் முன் வரிசை ஓட்டையும் சேர்த்துத் தூக்கும். என் அனுபவம் மேலே சொன்னேன்.

கீற்றுக் கொட்டகைக்குப் பழைய மீன்வலை. கடலோரக் கிராமத்தில் எங்கும் கிடைக்கும். மேலே போர்த்தி, நாலு பக்கமும் தரையில் முளையடித்துக் கட்டுவது. ஓட்டு வீட்டுக்கு மணல் மூட்டை வைப்பவர்கள் தனி மூட்டையாக வைக்காதீர்கள், அது உருண்டு விழும். இரண்டிரண்டாகக் கயிற்றில் பிணைத்து, முகட்டின் இரு பக்கமும் தொங்கவிட்டால் நிற்கும். இறவாணத்து ஓரம்தான் (கூரை இறங்கி முடியும் விளிம்பு) முக்கியம், நடுக்கூரை அல்ல. கல்நார் ஷீட் என்றால் மேலே ஏறவே வேண்டாம். ஷீட் உடைந்து ஆள் உள்ளே விழுவது புயலைவிட நிச்சயமான ஆபத்து.

ஒரு பக்கக் கதவைத் திறந்துவிட்டால் காற்று வழியாகப் போய்விடும், கூரை தப்பிக்கும் என்று பெரியவர்கள் சிலர் சொல்வார்கள். உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும். எல்லாவற்றையும் சாத்துங்கள்.

மாடியிலோ மேடையிலோ சின்டெக்ஸ் தொட்டி இருந்தால் விளிம்பு வரை நிரப்புங்கள். காலித் தொட்டி பறக்கும், நிரம்பிய தொட்டி அசையாது. அந்தப் பத்து நாளுக்கு முதல் தண்ணீரும் அதுதான். இந்த மொத்தப் பட்டியலிலும் பத்துப் பைசா செலவில்லாமல் இரண்டு வேலை செய்வது இது ஒன்றுதான்.

வீட்டில் இருப்பதா, கிளம்புவதா

தளம் போட்ட வீடு, மரம் எட்டாது, மேட்டு நிலம் என்றால் இருக்கலாம். ஓடு, கீற்று, கல்நார் ஷீட் என்றால் 'தீவிர' என்ற சொல் வந்தவுடனே கிளம்புவதுதான் என் கட்சி. கடலோரத் தாழ்வான ஊர் என்றால் காற்றைவிடக் கடல் நீர்தான் பயம், அங்கே கூரை எதுவானாலும் கிளம்ப வேண்டும்.

பக்கத்துத் தள வீடு நல்லது, பழகிய இடம், மாட்டைப் பார்க்க ஓடி வரலாம். பள்ளிக்கூடமோ புயல் பாதுகாப்பு மையமோ கட்டடத்தில் உறுதி, சாப்பாடும் கிடைக்கும். ஆனால் வயதானவர்களுக்குக் கழிப்பறை, மாத்திரை, படுக்கை எல்லாம் சிரமம். எங்கே போனாலும் வெளிச்சம் இருக்கும்போதே போய்விட வேண்டும். கஜா கரையேறியது நள்ளிரவுக்குப் பிறகு. அந்த நேரத்தில் டார்ச் வைத்துக்கொண்டு யாரும் யாரையும் கூட்டிப் போக முடியவில்லை. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, இதைப் பேப்பரில் பெரிதாக எழுதி அம்மா கையில் கொடுங்கள். சார்ஜ் இறங்கிய போனுக்குள் இருக்கும் நம்பரால் பயன் இல்லை.

அந்தத் தம்பிக்கு நான் சொன்னது இது. முதல் பகல் காலையில் சார்ப்பைக் கழற்றச் சொல்லுங்கள். ஆறு தென்னையில் வீட்டை எட்டுவது இரண்டுதான், அதில் மதியத்துக்குப் பிறகு காயை இறக்கிக் காய்ந்த மட்டையைக் கழிக்கட்டும். மற்ற நாலையும் விடுங்கள். அதற்கு மேல் மாவில் கூரைப் பக்கக் கிளை. மறுநாள் காலை முருங்கையும் முற்றிய தாரும். மதியம் மிச்சம் கிடப்பதையெல்லாம் அகற்றிவிட்டு, தொட்டி நிரப்பி, பசுவை அவிழ்த்துவிட்டு, நாலு மணிக்குள் அம்மாவைப் பக்கத்துத் தள வீட்டில் கொண்டுபோய் விடச் சொல்லுங்கள்.

"அம்மா வர மாட்டாங்க அண்ணே, வீட்டை விட்டு."

அதற்கு என்னிடம் அட்டவணை இல்லை. "பசுவை அங்கே கட்டியிருக்காங்கன்னு சொல்லிப் பாருங்க தம்பி" என்றேன்.